தெர்மாக்கோல் அறுக்கும் எவர்சில்வர் கம்பி: சூட்டை ஓமில் படிப்பது

மேடை அலங்காரத்துக்கு எழுத்து வெட்டும் தெர்மாக்கோல் கட்டரில் வழக்கமாக நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பிதான் இருக்கும். நன்றாகச் சூடேறும், ஆனால் எவ்வளவு சூடு என்று மட்டும் காட்டாது. 200 டிகிரி ஏறினாலும் அதன் மின்தடை இரண்டு சதம் அளவுக்குத்தான் மாறும். 304 ரக எவர்சில்வர் கம்பியில் அதே 200 டிகிரிக்குத் தடை 19 சதம் போலக் கூடிவிடும். கம்பியே தெர்மாமீட்டராகிவிடுவதால் தனி சென்சார் தேவையில்லை.

0.3 மி.மீ. கம்பி 50 செ.மீ. எடுத்தால் ஆறிய நிலையில் 5.1 ஓம் அளவில் இருக்கும். டிகிரிக்கு 0.005 ஓம் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். 30 டிகிரியில் 5.10 என்றால், 230 டிகிரியில் 6.10. கம்பியின் இரு முனைகளிலும் 7 வோல்ட் இருந்து 1.15 ஆம்பியர் ஓடினால் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துப் பாருங்கள்: 6.09. வேண்டிய சூடு அதுதான்.

சிக்கல் எல்லாம் அந்த 5.10-இல்தான். சாதாரண மல்டிமீட்டரின் வயரே 0.2 ஓம் காட்டும். அதைக் கழிக்காமல் குறித்துக்கொண்டால் கணக்கில் 40 டிகிரி போச்சு. அதனால் ஓம் ரேஞ்சை நம்பாதீர்கள். 0.1 ஆம்பியர் மட்டும் விட்டு, கம்பியின் இரு முனைகளிலும் நேரடியாக வோல்ட் பாருங்கள், 0.51 வோல்ட் வந்தால் 5.1 ஓம். சூடான பிறகும் அதே இரண்டு புள்ளிகளில்தான் வோல்ட் பார்க்க வேண்டும், சப்ளையின் முகப்பில் அல்ல. அளக்கும்போது அறையின் சூட்டையும் எழுதி வையுங்கள். நம்மூரில் விடியற்காலைக்கும் சித்திரை மத்தியானத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே பிழையாக வந்து நிற்கும்.

முனையில் முதலைக்கிளிப் வேண்டாம். ஒவ்வொரு தடவை கவ்வும்போதும் தடை மாறும். சாதா ஃப்ளக்ஸுக்கு எவர்சில்வரில் ஈயம் ஒட்டாது. பித்தளைக் கனெக்டரில் திருகி இறுக்குவதே நல்லது. சூட்டில் கம்பி ஒன்றரை, இரண்டு மி.மீ. நீளும் என்பதால் ஒரு பக்கம் ஸ்பிரிங் கட்டாயம். ஆனால் கரண்ட் ஸ்பிரிங் வழியாகப் போகக் கூடாது. புதுக் கம்பியை முதலில் இரண்டு மூன்று முறை சூடாக்கி ஆறவிட்டு, பிறகு ஆறிய தடையை அளந்தால் அந்த எண் நிலைக்கும்.

சப்ளையை வோல்டேஜ் கட்டுப்பாட்டில் வையுங்கள். கம்பி சூடேறத் தடை கூடும், கரண்ட் தானாகக் குறையும், சூடு அடங்கும். கரண்டைக் கட்டிவைத்தால் தலைகீழ்: தடை கூடக் கூட வாட்டும் கூடும்.

கணக்கு சரியா என்று பார்க்க 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37 சதம்) சால்டர் வயர் ஒரு துணுக்குப் போதும். அது உருகுவது 183 டிகிரியில். தொட்ட இடத்தில் கம்பி கொஞ்சம் ஆறும் என்பதால், ஓமில் கணக்கிட்ட சூடு 190-ஐத் தாண்டியபின் உருகினால் கவலை வேண்டாம். கம்பி வைக்கோல் நிறத்துக்கு மாறியிருந்தால் சூடு 300 டிகிரியை ஒட்டிப் போயிருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது: மீட்டர் சொல்வது முழுக் கம்பிக்கும் சராசரி. தெர்மாக்கோலுக்குள் இருக்கும் பகுதி ஆறியும், வெளியே நிற்பது கொதித்தும் இருக்கும். சிறிய எழுத்துக்கு 50 செ.மீ. கம்பி எதற்கு? 20 போதும், வோல்ட்டையும் அந்த விகிதத்தில் குறையுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று வராந்தாவில் கம்பியைக் கண்டபடி ஆற்றும். வெட்டு அலையலையாக வந்தால் கையைக் குறை சொல்லாமல் காற்றுக்கு ஒரு தட்டி கட்டுங்கள். அதற்காகக் கதவைச் சாத்திவிட்டு வெட்டவும் கூடாது, ஸ்டைரீன் புகை மூக்கில் ஏறும். தட்டிக்கு மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும்.

சன்போர்டை இதில் வைக்கவே வைக்காதீர்கள். அது பி.வி.சி., சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு கக்கும். மெத்தை ஃபோமும் வேண்டாம். கருகினால் சயனைடு வாயு.