வரேன்னு சொல்லக் கூடாத வீடு

ஜப்பானிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் எடுக்கும் முதல் வகுப்பு எப்போதும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும். 'போயிட்டு வரேன்.' வணக்கம் அவர்களுக்கு விமான நிலையத்திலேயே தெரிந்துவிடுகிறது. இது தெரியாது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்வது 'இத்தே கிமஸ்'. பிரித்துப் பார்த்தால் 'போய் வருகிறேன்'. வீட்டிலிருப்பவர் பதிலுக்கு 'இத்தே ராஷ்ஷாய்' என்பார். 'போயிட்டு வாங்க.' இரண்டையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவேன். ஒரகடத்து வெயிலில் நாலு நாள் அலைந்து, சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், எதற்கு வந்தோம் என்று உட்கார்ந்திருப்பவர் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாக ஒரு தெளிவு வரும்.

வாய்க்கும் அது வசதியான வாக்கியம். ல, ள, ழ மூன்றும் அதில் இல்லை. ஜப்பானியர்களுக்கு ல-வும் ர-வும் காதில் ஒன்றாகத்தான் விழும். 'மழை' என்ற ஒரு சொல்லிலேயே மாதக்கணக்கில் நிற்போம். இதில் அந்தத் தொல்லை கிடையாது. நடுவில் அழுத்திச் சொல்லும் 'ட்டு' மாதிரியான இரட்டிப்பு அவர்கள் மொழியிலும் உண்டு, கடைசி 'ன்'னும் உண்டு. இரண்டாம் நாளே நம் வீட்டுப் பிள்ளை சொல்வது போலச் சொல்லிவிடுவார்கள்.

2018 ஆகஸ்டில் அவர் அதை அந்த வீட்டில் அவ்வளவு சுத்தமாகச் சொன்னாரே, அப்படிச் சொல்ல வைத்தது நான்தான்.

ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்க வந்தவர் அவர். ஐம்பதை நெருங்கியவர். செவ்வாயும் வியாழனும் ஷிஃப்ட் முடிந்து ஆறு மணிக்கு வகுப்பு. பெரும்பாலானவர்களுக்கு டிரைவரிடம் வழி சொல்லவும் கடையில் விலை கேட்கவும் தெரிந்தால் போதும். இவருக்கு லைனில் நிற்கிற பையன்களிடம் பேச வேண்டும். யார் பெயரையும் தப்பாகச் சொல்லக் கூடாது என்று முப்பது பெயரைக் கட்டம் போட்ட நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பழகியவர்.

அந்த லைனில் ஒரு பையனின் அப்பா இறந்துவிட்டார். வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமம். மறுநாள் எடுக்கிறார்கள். ஹெச்ஆர் அதிகாரியோடு அவரும் போவதாக ஏற்பாடு. முந்தின நாள் ராத்திரி ஒன்பதரைக்கு எனக்குப் போன் செய்தார்.

இந்தப் போன் பேச்சைத்தான் நான் இத்தனை வருஷமாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் உடை. கறுப்புக் கோட்டு வேண்டாம், வெள்ளைச் சட்டை போதும் என்றேன். அடுத்தது பணம். ஜப்பானில் துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். 'கோதென்' என்று பெயர். அவர் உறை தயாராக வைத்திருந்தார். ஆனால் ஏடிஎம்மில் எல்லாம் புது நோட்டாக வந்துவிட்டது என்று வருத்தப்பட்டார். புது நோட்டு வைத்தால், சாவை எதிர்பார்த்து முன்கூட்டியே எடுத்து வைத்த மாதிரி ஆகிவிடுமாம். அதனால் ஒவ்வொரு நோட்டையும் நடுவில் ஒரு மடிப்பு மடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். அது சரியா என்று கேட்டார். பணத்தை அங்கே நீட்டாதீர்கள், அப்புறம் பையன் கையில் தனியாகக் கொடுங்கள் என்றேன்.

மூன்றாவது, என்ன சொல்ல வேண்டும்.

ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன். மாலையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டு நில்லுங்கள், பையன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும். அவருக்கு மனம் ஒப்பவில்லை. இத்தனை மாதம் தமிழ் படித்துவிட்டு அங்கே போய் வாயைத் திறக்காமல் நின்றால், அக்கறை இல்லாதது போல் தெரியாதா என்று கேட்டார். சரி என்று 'தைரியமா இருங்க' என்பதைச் சொல்லிக்கொடுத்தேன். அதிலும் ல கிடையாது, பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை நன்றாக வந்தது.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. துக்க வீட்டில் 'போயிட்டு வரேன்' சொல்லக் கூடாது. சொல்லாமல்தான் எழுந்து வர வேண்டும். வரேன் என்றால் அந்தக் காரணத்துக்காகவே மறுபடியும் வருவேன் என்று ஆகிவிடும். சின்ன வயதில் எங்கள் ஆயா என் கையைப் பிடித்து இழுத்து, வாயைப் பொத்தி, வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது வரைக்கும் ஞாபகம் வந்தது. நாக்கு நுனியில் நின்றது. நான் பேசாமல் இருந்ததைக் கவனித்து அவர், "சென்செய்?" என்றார். ஜப்பானியர்கள் ஆசிரியரை அழைக்கிற முறையில்.

"ஒண்ணுமில்ல. நல்லா சொல்றீங்க. தூங்குங்க" என்றேன்.

ஏன் சொல்லவில்லை? பல காரணங்கள் வைத்திருக்கிறேன். ஏற்கனவே மூன்று விஷயம் சொல்லியாகிவிட்டது, நாலாவதும் சொன்னால் மிரண்டுவிடுவார். வெளிநாட்டுக்காரர் தப்பாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எப்படியும் குனிந்து வணங்கிவிட்டுத்தான் கிளம்பப் போகிறார், வாயைத் திறக்க எங்கே சந்தர்ப்பம்? எல்லாம் நியாயமான காரணங்கள்தான். இப்போதும் ஒரு புது ஆசிரியை என்னிடம் வந்து இதே காரணங்களைச் சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

ஆனால் இன்னொன்றும் இருந்தது. அதை அவருக்கு எப்படி விளக்குவது என்று கூச்சமாக இருந்தது. ஒரு சொல்லைச் சொன்னால் சாவு திரும்பி வரும் என்று நாங்கள் நினைக்கிறோம் என்று, அளவுகோலை வைத்து மைக்ரான் கணக்கில் பார்க்கிற மனிதரிடம் சொல்வதா? பொங்கலைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், கோலம் சொல்லியிருக்கிறேன், ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதைக்கூட அழகாகச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்ல வாய் வரவில்லை. அதுவும், மடித்து வைத்த நோட்டைப் பற்றி ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவரே எனக்குச் சொன்ன பிறகு. இந்த இடத்துக்கு வரும்போதுதான் என் நியாயங்கள் எல்லாம் நின்றுபோகின்றன.

கூடப் போயிருக்கலாம். அவர் கூப்பிடவில்லை, நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. எனக்கு அண்ணா நகரில் வேறொரு வகுப்பு இருந்தது. தள்ளி வைக்கக்கூடிய வகுப்புதான்.

அங்கே நடந்ததை மூன்று பேர் எனக்கு மூன்று விதமாகச் சொன்னார்கள். டிரைவர் அண்ணன் சொன்னது: ஃப்ரீசர் பெட்டி மேல் மாலை போட்டார், பையன் கையைப் பிடித்து 'தைரியமா இருங்க' என்றார், பக்கத்திலிருந்த பெண்கள் அதைக் கேட்டு இன்னும் சத்தமாக அழுதார்கள். கிளம்பும்போது பையனின் அம்மா எதிரில் போய்க் குனிந்து, கையைக் கூப்பி, "அம்மா, போயிட்டு வரேன்" என்றார். ஒரு பாட்டி, "அய்யோ, அப்படிச் சொல்லக் கூடாதுய்யா" என்று பதறியது. அந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்து, "சொல்லட்டும் விடுங்க, வரட்டும்" என்றது.

ஹெச்ஆர் அதிகாரி சொன்னதில் அந்த அம்மா எதுவும் பேசவில்லை. ஒரு பெரியவர் முகத்தைச் சுளித்து, "கூட்டிட்டுப் போங்க சார்" என்றாராம். பையனைக் கொஞ்ச நாள் கழித்துக் கேன்டீனில் பார்த்தேன். "அம்மாவுக்கு அன்னைக்கு யாரு வந்தா யாரு போனான்னே தெரியாது டீச்சர்" என்றான்.

டிரைவர் அண்ணன் சொன்னதை நம்பத்தான் எனக்கு ஆசை. ஆனால் அவர் நல்ல மனிதர். நான் வருத்தப்படுவதைப் பார்த்து அந்த ஒரு வரியைச் சேர்த்திருக்கவும் கூடும்.

மறுநாள் வியாழக்கிழமை. ஆறு மணி வகுப்புக்கு ஐந்தே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் யாரோ சிரித்துக்கொண்டே அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். நோட்டைத் திறந்து, பென்சிலை அதன் பக்கத்தில் நேராக வைத்துவிட்டுக் கேட்டார்.

"சென்செய், சொல்லக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சரி."

"மறந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

மறந்துட்டேன். இந்தச் சொல் எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. கேட்ட உடனே வந்துவிட்டது. மறதியை யாரும் மன்னிப்பார்கள். தெரிந்தே விட்டதை மன்னிப்பதற்கு முன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்குப் பதில் சொல்ல எனக்கு முடியாது.

அவர் கோபப்படவே இல்லை. தங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று ஜப்பானிய மொழியில் சொல்ல ஆரம்பித்தார். 'இமிகொத்தோபா' என்று ஒரு சொல்லை எழுதிக் காட்டினார். விலக்க வேண்டிய சொற்கள். சாவு வீட்டில் 'கசனேகசனே', 'தபிதபி' மாதிரி இரட்டித்து வரும் சொற்களைச் சொல்ல மாட்டார்கள். 'மேலும் மேலும்', 'அடிக்கடி' என்று பொருள். சொன்னால் துக்கம் மறுபடி மறுபடி வரும் என்று. சவ அடக்கத்துக்குப் போய் வந்தால் வாசலில் நின்று உடம்பில் உப்பைத் தூவிக்கொண்டுதான் உள்ளே போவார்களாம். முந்தின நாள் டிரைவர் அவரைத் தலைக்குக் குளிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் வாசலில் சமையல் உப்பைத் தூவிக்கொண்டு, உள்ளே போய்த் தலைக்கும் குளித்திருக்கிறார். இரண்டும் செய்தேன் என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

நான் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வகுப்பே ஒற்றுமைகளை வைத்துத்தான் ஓடுகிறது. வினைச்சொல் இரண்டிலும் கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், அ இ உ எ ஒ என்ற வரிசைகூட ஒன்று என்பேன். ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று எழுதியதைப் படித்துவிட்டு வந்து கேட்பவர்களிடம், மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டு, ஆனாலும் பாருங்கள் என்று இந்தப் பட்டியலைத்தான் நீட்டுவேன். அந்தப் பட்டியலில் எல்லாவற்றையும்விட நெருக்கமான ஒன்று அவர் நோட்டில் அன்றைக்கு அவர் கையாலேயே எழுதப்பட்டது. அவரைவிட அதைச் சுலபமாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

அப்புறம் பாடத்திட்டத்தில் சாவு வீட்டுக்கு ஒரு மணி நேரம் சேர்த்தேன். வந்தவுடனே இதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்த வேண்டுமா மேடம் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். வேண்டும் என்று வாதாடினேன். மாலை, செருப்பு, குளியல், பதினாறாம் நாள் காரியம், வரேன் சொல்லக் கூடாதது, எல்லாம் சொன்னேன். அடுத்த வருஷம் அதே வட்டாரத்தில் வேறொரு தொழிற்சாலையில், என்னிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டு எழுதிக்கொண்ட ஓர் இளைஞர், தன் கீழ் வேலை செய்தவரின் மனைவி இறந்தபோது போகவே இல்லை. உறையை மட்டும் கொடுத்தனுப்பினார். இவ்வளவு இருக்கும்போது ஏதாவது தப்பாகிவிட்டால் அவர்களுக்குத்தானே கஷ்டம், அதனால் போகவில்லை என்று என்னிடம் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் போய்த் தப்பாகச் சொன்னவரை அந்த ஊரில் இன்றைக்கும் விசாரிக்கிறார்கள் என்று டிரைவர் அண்ணன் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நான் சொல்லாமல் விட்டதுதான் நல்லதா? அப்படி நினைத்துக்கொண்டால் எனக்குச் சுகமாக இருக்கும். அதனாலேயே அதை நம்பப் பயமாகவும் இருக்கிறது. அந்தப் பாட்டியின் பதற்றமும் உண்மைதானே.

ஒரு விஷயத்தைத் தாமதமாகத்தான் கவனித்தேன். அந்த வியாழனுக்குப் பிறகு வகுப்பு முடியும்போது அவர் 'போயிட்டு வரேன்' சொல்வதை நிறுத்திவிட்டார். எழுந்து குனிந்து 'நன்றி' என்பார். வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போவார். எல்லா இடத்திலும் சொல்லக் கூடாது என்று இல்லை, இங்கே சொல்லலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தால் மறந்துட்டேன் என்பதும் கூடவே வரும் என்பதால் எடுக்கவில்லை. ஒன்றரை வருஷம் அப்படியே போனது.

2020 மார்ச்சில், விமானங்கள் நிற்பதற்குச் சில நாள் முன்னால், அவர்களை அவசர அவசரமாக ஊருக்குத் திரும்பச் சொன்னார்கள். வகுப்பு பாதியில் நின்றது. நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. விமான நிலையத்திலிருந்து தமிழ் எழுத்தில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்.

'சென்செய், போயிட்டு வரேன். இங்கே சொல்லலாமா?'

சொல்லலாம், போயிட்டு வாங்க என்று பதில் போட்டேன். அவர் திரும்பி வரவில்லை, கம்பெனி வேறு ஆளை அனுப்பிவிட்டது. பொங்கலுக்கு ஒரு வாழ்த்து வரும், நானும் ஜனவரி ஒன்றாம் தேதி ஒன்று அனுப்புவேன். அன்றைக்கு மறக்கவில்லை, தெரிந்துதான் சொல்லவில்லை என்று ஜப்பானிய மொழியில் எழுத இரண்டு வரி போதும். எழுதி, இலக்கணம் சரிபார்த்து, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.