பத்துமலையில் நெற்றியில் விழுந்த சொட்டு

தைப்பூசக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு பத்துமலைக்குப் போனேன். கோலாலம்பூரிலிருந்து கொமுட்டர் ரயில், இறங்கினால் எதிரிலேயே மலை. 2006இல் திறந்த அந்த 42.7 மீட்டர் முருகன் சிலையை எத்தனை தடவை பார்த்திருந்தாலும், செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்ட பிறகுதான் அம்மா அடுத்த அடி வைப்பார்.

272 படி. மூன்று இடத்தில் உட்கார்ந்தோம். குரங்கு ஒன்று பூச்சரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. சரி, அது எப்போதும் நடப்பதுதான்.

குகை வாயில் வேல் மாதிரி இருப்பதைப் பார்த்துத்தான் தம்புசாமிப் பிள்ளை என்ற தமிழ் வணிகர் 1890 வாக்கில் முருகனை இங்கே வைத்தார் என்று அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது இடைநிலைப்பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சுண்ணாம்புப் பாறை ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது என்று தெரியும். ஆனாலும் கோயிலுக்குள் வந்தால் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன், அம்மா மனசு நோகுமோ என்று ஒரு பயம்.

மேலே வேலாயுதர் சந்நிதிக்கு முன்னால் அண்ணாந்து நின்றபோது கூரையிலிருந்து ஒரு சொட்டு நேராக என் நெற்றியில் விழுந்து, திருநீற்றைக் கரைத்துக்கொண்டு மூக்கு வரைக்கும் வழிந்தது. "தீர்த்தம் கிடைச்சிருக்கு, துடைக்காதே" என்றார் அம்மா. அன்றைக்கு ஏனோ சொல்லிவிட்டேன். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகி, பாறையைக் கரைத்துக்கொண்டே இறங்கி வருகிறது, இவ்வளவு பெரிய குகையைக் குடைந்ததும் அந்தத் தண்ணீர்தான், உள்ளே வந்து சொட்டும்போது வாயு பிரிந்து போக, கரைந்த கல் திரும்பவும் கல்லாகிக் கூரையிலேயே தொங்குகிறது என்று. வகுப்பில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் மாணவர்களை ஸ்ட்ராவால் ஊதச் சொல்வேன். முதலில் பால் மாதிரி வெளுக்கும், விடாமல் ஊதினால் மறுபடி தெளியும். கல் உண்டாவதும் கரைவதும் அந்த ஒரு சோதனைக் குழாய்க்குள்ளேயே நடந்துவிடுகிறது.

"பாறை எப்படிம்மா கடல்லேருந்து வந்துச்சு தெரியுமா? சிப்பி, பவளம், அதோட ஓடெல்லாம் சேர்ந்து இறுகினது."

அம்மா கொஞ்சங்கூட ஆச்சரியப்படவில்லை. "பாட்டி ஊர்ல கிளிஞ்சலைச் சுட்டுத்தானே வெத்தலைக்குச் சுண்ணாம்பு எடுத்தாங்க" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ இதெல்லாம் உயிரோட இருந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஈரமாயிருந்த குகைச் சுவரில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

காரணம் தெரிந்துவிட்டால் வியப்பு போய்விடும் என்கிறார்கள், எனக்கு அப்படி ஆனதேயில்லை. சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதத் தெரியும். யாரும் பார்க்காத இருட்டில் கோடி வருஷமாக ஒவ்வொரு சொட்டும் அதற்கு அப்படியே கட்டுப்பட்டு நடக்கிறதே, அங்கேதான் என் கை தானாகக் குவிகிறது. அதை முருகன் என்று கூப்பிட எனக்குத் தயக்கமில்லை.

இறங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் இருட்டுக் குகையின் பக்கம் கையைக் காட்டி, அதற்குள் ஒரு சிலந்தி இருப்பதைச் சொன்னேன். அறிவியல் பெயர் லிஃபிஸ்டியஸ் பத்துயென்சிஸ் (Liphistius batuensis), பெயரிலேயே இந்த இடம் இருக்கிறது. வளைக்கு மூடி போட்டு, வாசலில் பட்டு நூல்களை விரித்துவிட்டு, நூல் அதிர்கிறதா என்று உள்ளே காத்திருக்கும். ஏறக்குறைய 30 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில் பதிந்து கிடக்கும் சிலந்திகளுக்கு இருப்பது போலவே இதற்கும் வயிற்றின் மேல் பட்டை பட்டையாகத் தகடுகள்.

அம்மா அந்தப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். மிச்சப் படிகளை இறங்குகிற வரைக்கும் சிலந்தியைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார்: மூடியை அதுவே செய்யுமா, அந்த இருட்டில் அதற்கு என்ன சாப்பாடு கிடைக்கும் என்று.