நெஞ்சிடியோடு வருபவரிடம் முதலில் கேட்பது

யாழ்ப்பாணத்தில் மனவடுவுக்கு, அதாவது போர் போன்ற கொடுமைகள் மனதில் விட்ட காயத்துக்கு, உதவி தேடி ஒருவர் நேரே உளவளத்துணையாளரிடம் வருவது அரிது. நெஞ்சிடி, தலையிடி, கைகால் விறைப்பு, நித்திரையின்மை என்று ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போவார். ஈசிஜியில் ஒன்றுமில்லை என்பார்கள். பனடோலோடு வீட்டுக்கு வந்து, கோயிலில் நூலும் கட்டிப் பார்த்த பிறகுதான் எங்கள் முன்னால் வந்து அமர்கிறார். "உடம்பிலை ஒண்டுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று யாரோ ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். தான் நடிக்கிறதாகச் சொல்கிறார்கள் என்றே அவர் அதை எடுத்திருப்பார்.

ஆகவே முதற் சந்திப்பில் போரைப் பற்றிக் கேட்க வேண்டாம். உடம்பைப் பற்றியே கேளுங்கள்: இடி எந்த நேரம் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, வந்தால் என்ன செய்வார், யார் பக்கத்தில் இருந்தால் குறைகிறது. பொழுதுபட்ட பிறகுதான் கூடுகிறது என்றால் இரவைப் பற்றி அவர் பிறகு தானாகவே சொல்வார். பதகளிப்பின் (பதற்றத்தின்) உச்சத்தில் உள்ளவர் கோர்வையாகக் கதை சொல்லும் நிலையில் இருக்கமாட்டார்.

மனவடுச் சிகிச்சையில் பொதுவாக மூன்று கட்டங்கள் சொல்லப்படும்: பாதுகாப்பும் நிலைப்படுத்தலும், நினைவுகளோடு வேலைசெய்தல், வாழ்க்கையோடு மீண்டும் இணைதல். இங்கே முதற் கட்டம்தான் மிக நீளமானது, அதைத்தான் பலர் அவசரப்பட்டுத் தாண்டுகிறார்கள். திட்ட அறிக்கைக்கு ஆறு சந்திப்புகள் என்று எழுதியாகிவிட்டது என்பதற்காக இரண்டாவதிலேயே முள்ளிவாய்க்கால் கதையைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். சொன்னவர் பல இரவு நித்திரையின்றிக் கிடப்பார், மூன்றாம் முறை வரமாட்டார். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையால் பலனில்லை, சிலருக்குத் தீங்கும் வரலாம் என்பது ஆய்வுகளில் தெளிவாகி நெடுநாளாகிறது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

நிலைப்படுத்தலில் மூச்சுப் பயிற்சிதான் முதலாவது. "ஆழமா மூச்செடுங்கோ" என்று மட்டும் சொன்னால் அவர் காற்றை அள்ளி விழுங்குவார். விரல் நுனி விறைக்கும், தலை சுற்றும், மாரடைப்பு வருகிறது என்று பயந்துபோவார். வெளிவிடுவதைத்தான் நீட்டவேண்டும்: நான்கு எண்ணும்வரை எடுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. காலையும் படுக்கமுன்னும் ஐந்து நிமிடம், அமைதியாக இருக்கும்போதே பழகவேண்டும். பயம் வந்த நேரத்தில் புதிதாகப் பழகுவது கடினம்.

கண்ணை மூடச் சொல்லாதீர்கள். பங்கருக்குள் (பதுங்கு குழிக்குள்) நாட்கணக்கில் இருந்தவருக்கு அந்த இருட்டு திரும்ப வரும். கண் திறந்தபடி, பாதம் இரண்டும் நிலத்தில் பட, கதிரையில் இருந்து செய்யலாம். மல்லாந்து படுத்துச் செய்யும் சாந்தி ஆசனம் நல்லதுதான். ஆனால் ஒரு பெண்ணை ஆண் பணியாளர் முன்னால் படுக்கச் சொல்வது தவறு. மூச்சோடு ஒரு நாமம் சேர்த்தால் பலருக்கு மனம் பிடிக்கும்: சிவ சிவ, யேசுவே, அல்லாஹ். எது என்பதை அவரே சொல்லட்டும். கடவுளோடு கோபத்தில் இருப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வெறும் எண்ணிக்கை போதும்.

அடுத்தது வீடு. அம்மா, மாமி, அக்கா என்று மூன்று பேர் கூட வருவார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தொடங்கினால் "உள்ளுக்கை என்ன கதைச்சனி?" என்ற விசாரணை அன்றிரவே வீட்டில் நடக்கும். முதல் கால் மணித்தியாலம் எல்லோருடனும் இருந்து, பிறகு தனியே இருபது நிமிடம் கேட்டு வாங்குவது நல்லது. வீட்டாருக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை அவரோடு முன்பே பேசிவைக்கவேண்டும். வடக்கில் நடந்தது தனிமனிதக் காயம் மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத் தாக்கிய கூட்டு மனவடு என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியது இந்த அறைக்குள் தினமும் தெரிகிறது.

சாகலாம்போலக் கிடக்கிறதா என்று நேராகக் கேட்கவேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தோட்டத்துப் பூச்சிமருந்தை அன்றே பூட்டி, திறப்பை வேறொருவர் கையில் கொடுக்கச் சொல்லி, உளமருத்துவரிடம் அனுப்பவேண்டும். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்தையும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில்தான் வெளியூர்ப் பயிற்சி மிகவும் தடுமாறுகிறது. உடல் இல்லை. எட்டுச் செலவில்லை, 31ஆம் நாள் அந்தியேட்டியில்லை, திவசத்துக்குத் திதியில்லை. மனைவி பொட்டு வைக்கிறார், தாய் ஒரு கோப்பைச் சோறு எடுத்துவைக்கிறார். குறிசொல்பவர் "இருக்கிறார், வருவார்" என்கிறார். இதை நோய் என்று எழுதுவதும் பிழை, "இனி ஏற்றுக்கொள்ளுங்கோ" என்பது அதைவிடப் பெரிய பிழை. மகனைத் தன் வாயால் சாகடிக்கச் சொல்வதாகவே தாய் அதை உணர்வார்.

கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்வது உயிரோடு இருப்பவருக்கு. மோட்ச அர்ச்சனை இறந்தவருக்கு. எதைச் செய்வது என்பதில் தாய்க்கும் மருமகளுக்கும் சண்டை வரும். நாங்கள் தீர்ப்புச் சொல்லக்கூடாது. தாய் அர்ச்சனை செய்யட்டும், மருமகள் விளக்கேற்றட்டும், இரண்டும் ஒரே வீட்டில் நடக்கலாம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற இரண்டையும் ஒரே வசனத்தில் சொல்லப் பழகுவதே இங்கே சிகிச்சை. பிள்ளையின் படிப்பு, காணி, வங்கிக் கணக்கு முதலியவை அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2016இல் திருத்திய சட்டப்படி இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணக்கிடைக்கவில்லை என்ற சான்றிதழ் பெறலாம். மரணம் என்ற சொல்லில் கையெழுத்து வைக்க மறுக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை உளவளத்துணை செய்பவர்கள் அறிந்திருக்கவேண்டும். அறியாமல் "பிரதேச செயலகத்திலை கேளுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது.

இந்த வேலைக்கு வருபவரின் பின்னணியைப் பார்க்கும்போது பட்டத்தோடு இன்னொன்றையும் கேட்கவேண்டும்: யாரிடம் மேற்பார்வை பெறுகிறார்? 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து நடந்தவர்களில் இன்றைய உளவளத்துணையாளர்களும் இருக்கிறார்கள். எதிரில் இருப்பவரின் கதையில் தன் கதை கலந்துவிட்டால், அறிவுரை கூடும், கேட்பது குறையும். அதை வெளியிலிருந்து ஒருவர்தான் காட்டமுடியும்.

கோப்பின் முதற் பக்கத்தில் நாட்களைக் குறித்துவையுங்கள்: மே நடுப்பகுதி (முள்ளிவாய்க்கால்), டிசம்பர் 26 (சுனாமி), வீட்டுக்குரிய தனி நாட்கள். சந்திப்பு அந்த நாளுக்கு ஒரு கிழமை முன்னதாக இருக்கவேண்டும், பின்னதாக அல்ல. கார்த்திகை இடிமழைக்கும் தைப்பொங்கல் விடிய வெடிக்கும் வெடிக்கும் இதே ஏற்பாடுதான். எந்த நாள், எத்தனை மணிக்கு வெடி தொடங்கும் என்று முன்பே சொல்லி, பின்னறையில் படுக்கச் செய்து, எழுந்தவுடன் பாதத்தை நிலத்தில் வைத்து அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லப் பழக்கிவிடுங்கள். பக்கத்தில் படுப்பவருக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள், அந்த நேரம் நாங்கள் அங்கே இருக்கமாட்டோம்.