இடைவெளி தெரியாத இரவு

அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைப்பவர். நான் ஆய்வுக்காகக் குவார்ட்ஸ் குழாயை வெற்றிடத்தில் மூடப் பழகியபோது முதல் மூன்றும் விரிசல் விட்டன. “ஒரே எடத்துல தீயை நிறுத்தாத கண்ணு, குழாயைத் திருப்பிக்கிட்டே இரு” என்றார் அப்பா. நாலாவது நின்றது.

குழாய்க்குள் மாங்கனீசு, பிஸ்மத், டெல்லூரியம். இந்த மூன்றும் சேர்ந்த படிகம்தான் வெளியிலிருந்து காந்த அணுக்களைக் கலக்காமலே காந்தமாகவும் இடவியல் காப்பானாகவும் (உள்ளே மின்சாரம் கடத்தாமல் மேற்பரப்பில் மட்டும் கடத்தும் பொருளாகவும்) இருப்பது என்று 2019இல் காட்டினார்கள். அதன் மேற்பரப்பில் எலக்ட்ரான் பட்டைகள், அதாவது எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகள், இரண்டு கூம்புகளாக ஒரு புள்ளியில் சந்திக்கும். சுமார் 25 கெல்வினுக்குக் கீழே காந்த ஒழுங்கு வந்ததும், அதாவது அணுக்களின் குட்டிக் காந்தங்கள் சீராக அணிவகுத்ததும், அந்தப் புள்ளியில் கூம்புகள் விலகி இடைவெளி திறக்கும் என்பது கணிப்பு. அதைக் கண்ணால் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

படிகம் வளர்ப்பதில்தான் பொறுமை போனது. 900 டிகிரியில் உருக்கி, 600 டிகிரிக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் மெதுவாக இறக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டால் மிச்சமுள்ள பிஸ்மத் டெல்லூரைடும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை பத்தாம் நாள் கரண்ட் போய் மொத்தமும் வீணானது. அன்று அழுதேன்.

அப்புறம் ஒரு வெளிநாட்டுச் சிங்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களைச் சுற்றவிட்டுச் செறிவான ஒளி தரும் பெரிய கருவி) ஐந்து நாள் நேரம் கிடைத்தது. படிகத்தின் தலையில் சின்னப் பீங்கான் குச்சியை ஒட்டி, வெற்றிட அறைக்குள் அதைத் தட்டிவிட்டால் ஏழு அணு அடுக்குகளுக்கு ஒரு முறை வரும் பலவீனமான இடத்தில் படிகம் பிளக்கும். புதிய முகம் சில மணி நேரம்தான் சுத்தமாக இருக்கும். அதற்குள் ஒளியைப் பாய்ச்சி, வெளியே தெறிக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றலையும் கோணத்தையும் அளந்தாக வேண்டும்.

மூன்றாம் இரவு கூம்பு தெளிவாகத் தெரிந்தது. 40 கெல்வினிலிருந்து 10க்கு இறக்கினேன். இடைவெளி திறக்கவில்லை. மாதிரிப் படிகம் உண்மையில் குளிரவே இல்லையோ என்று வயிறு கலங்கியது. விடியும்வரை மறுபடி மறுபடி சூடாக்கினேன், குளிர்வித்தேன். சேலம் திரும்பி அந்தக் கோப்புகளைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: கூம்புக்கு மேலே, படிகத்தின் உட்பகுதிக்குரிய கடத்தும் பட்டை 25 கெல்வினுக்குக் கீழே இரண்டாகப் பிரிந்திருந்தது. காந்த ஒழுங்கு வந்தால் தெரியும் பிரிவு அது. அப்படியானால் மாதிரி குளிர்ந்துதான் இருந்தது. காந்த ஒழுங்கும் வந்துவிட்டது. கூம்புதான் மூடியே இருக்கிறது.

முதலில் பெரிய இடைவெளி கண்டதாகச் சொன்னவர்களும் உண்டு. அதே 2019இல், நுண்ணிய அளவீட்டில் கிட்டத்தட்ட எதுவும் இல்லை என்றவர்களும் உண்டு. மேற்பரப்பில் காந்தம் வேறு விதமாக அடுக்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. ஆனாலும் ஆய்வேட்டில் இடைவெளி இல்லை என்றே எழுதினேன், பிரிந்த பட்டையின் படத்தைப் பக்கத்தில் வைத்து.

இப்போது ஆண்டிமனி கொஞ்சம் சேர்த்த கலவை உலையில் இருக்கிறது. வெளியே எடுக்க இன்னும் நாலு நாள். இந்தக் குழாயை மூடும்போது அப்பா பக்கத்தில் இல்லை.