குட்டுப்பாலாங் முகாமில் சில வாரங்கள்

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்தில் உள்ள குட்டுப்பாலாங் அகதி முகாமில் சில வாரங்கள் தன்னார்வலராகப் பணியாற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். 2017 ஆகஸ்டில் மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் ராணுவ வன்முறை மூண்டபின் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் எல்லை கடந்து இங்கு வந்தார்கள். யானைகள் நடமாடிய காட்டுக் குன்றுகளைத் திருத்தி, மூங்கிலாலும் தார்ப்பாயாலும் எழுப்பிய குடில்களில் வாழ்ந்துவருகிறார்கள்.

எனக்குக் கிடைத்த வேலை தண்ணீர்க் குழாயடியில். அவசரகால உதவிக்கான ஸ்பியர் தரநிலை, ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கிறது. படித்தபோது வெறும் எண்ணாக இருந்த அதன் கனம், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மழையில் வழுக்கும் மண்மூட்டைப் படிகளில் கால்விரல்களை அழுத்தி ஊன்றி ஏறியதைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

வந்துபோகும் என் போன்றவர்களைவிட, அங்கேயே வசிக்கும் ரோஹிங்கியா தன்னார்வலர்கள்தாம் முகாமைத் தாங்குகிறார்கள் என்பேன். மண்சரிவு அபாயத்தைக் குடில்குடிலாகச் சென்று எச்சரிப்பவர்களும், தீப்பிடித்தால் முதலில் ஓடுபவர்களும் அவர்களே. வெளியிலிருந்து செல்ல நினைப்பவர்கள், அவர்களிடம் கேட்டு நடப்பதற்குத் தயாராகச் செல்லுங்கள். குழந்தைகளைப் படமெடுத்துப் பகிராதீர்கள்.

மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. ஆனாலும், விடைபெற்ற அன்று ஒரு பெரியவர், நெகிழி உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த தம் தந்தையின் நிலப் பத்திரத்தை விரித்து, மடிப்புகளை விரலால் நீவி, எனக்குக் காட்டினார்.