சிறுகுடலைப் பார்க்கப் பழகுதல்: மும்பை நாட்குறிப்பு

ஜூலை 3

பயிற்சி மருத்துவர்கள் நால்வருக்கும் இன்று, விழுங்கிய மாத்திரை வடிவக் கேமராவால் குடலைப் படமெடுக்கும் கேப்ஸ்யூல் என்டோஸ்கோபி வகுப்பு தொடங்கியது. புண், கட்டி, ரத்தக்கசிவு எதையும் காட்டாமல், நோயற்ற சிறுகுடலின் பதிவு ஒன்றை முழுவதும் பார்க்கச் சொன்னேன். நோய்ப் படங்களை இரவெல்லாம் புரட்டிவிட்டு வந்திருந்த மதுரைக்காரருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் நுரைக்குமிழி, பித்தம், உணவுத் துணுக்கு ஆகியவற்றைப் பார்த்துப் பழகாத கண்ணுக்கு எல்லாமே நோயாகத் தெரியும். ஒரு புடைப்பு பக்கத்துக் குடல் அழுத்துவதால் வந்ததா, சளிச்சவ்வுக்கு அடியில் கட்டி இருப்பதால் வந்ததா என்பதில் நானே இன்றும் தயங்குவதுண்டு.

ஜூலை 7

மழை. ரயில்கள் தாமதம். இருவர் மட்டுமே வந்ததால் வகுப்பு நடக்கவில்லை.

ஜூலை 8

தாராவியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இரும்புச்சத்து மாத்திரையால் தேறுவதும் மீண்டும் சரிவதுமாக இருக்கும் அவருடைய ரத்தசோகைக்கு, இரைப்பையிலும் பெருங்குடலிலும் செய்த என்டோஸ்கோபிகளில் காரணம் அகப்படவில்லை. நம் நாட்டில் குடல் காசநோயால் சுருக்கம் விழுந்து கேப்ஸ்யூல் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு என்பதால், வயிற்றுவலி, வாந்தி பற்றி முதலில் விசாரிக்கும்படி பயிற்சி மருத்துவர்களிடம் சொன்னேன். 26 மில்லிமீட்டர் நீளமுள்ள கேப்ஸ்யூலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பெரியவர், "இதத் திருப்பித் தரணுமாம்மா?" என்று கேட்டார். இடுப்பில் கட்டும் ரெக்கார்டரைத் தந்தால் போதும், கேப்ஸ்யூல் மலத்தோடு போய்விடும் என்றதும் நிம்மதியாக விழுங்கினார்.

ஜூலை 9

நொடிக்கு 2 படம் வீதம் 8 மணி நேரத்தில் 50,000க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தன. நால்வரும் அவற்றை நொடிக்கு 20 படம் என்ற வேகத்தில் ஓட்டி, ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னபோது, சிறுகுடலின் மேற்பகுதியில், மூன்றே படங்களில் மட்டும் தெரிந்த ஒரு சிவப்பை மதுரைக்காரர் பிடித்தார். முந்தைய வேகத்தில் அது கண்ணுக்குக் கிடைத்த அவகாசம் நொடியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். சிவப்பைத் தேடிக் குறிக்கும் மென்பொருள் வசதி, பித்தம் படிந்த மடிப்புகளைச் சுட்டிவிட்டு இதை விட்டுவிட்டது. வழியும் ரத்தத்தைக் காட்டுவதற்கு ஓரளவு உதவுமே தவிர, கண்ணுக்கு மாற்றாக அதை நம்பியிருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

உடனே சச்சரவு எழுந்தது. வெறும் செம்புள்ளி என்றால், ரத்தம் கசியும் வாய்ப்பை வைத்துத் தரம் பிரிக்கும் சோரான் பகுப்பில் அது கசிவது உறுதியில்லாத பி1. ஆஞ்சியோஎக்டேசியா, அதாவது விரிந்துபோன நுண் ரத்தக்குழாய்களின் கொத்து என்றால் கசியும் வாய்ப்பு மிகுந்த பி2. பெயர் சொல்வதற்குத் தடை விதித்தேன். நிறம், விளிம்பு, மேற்பரப்பில் கீறல் உண்டா, சுற்றியுள்ள குடலுறிஞ்சிகளோடு (குடற்சுவரின் விரல் போன்ற நுண்நீட்சிகளோடு) ஒப்பிட்டால் என்ன அளவு என்பவற்றை மட்டும் எழுதச் சொன்னேன். தட்டையாக, கிளைவிட்ட நுண்குழல்களின் கொத்தாக இருப்பதை எழுதி முடித்தபோது மூவர் பி2 என்றார்கள். ஒருவர் கடைசிவரை ஒப்பவில்லை.

ஜூலை 16

சென்ற வாரத்தின் பத்துப் படங்களை வரிசை மாற்றி, சொல்லாமல் மறுபடியும் கொடுத்தேன். மதுரைக்காரர் தம் பழைய முடிவுகளில் இரண்டை மாற்றியிருந்தார். நானும் எழுதிப் பார்த்தேன். ஒன்றை மாற்றியிருந்தேன், அதையும் பலகையில் எழுதினேன்.

பெரியவருக்கு நாளை பலூன் உதவியால் சிறுகுடலுக்குள் ஆழமாக நகரும் பலூன் என்டோஸ்கோப்பை வாய்வழியாகச் செலுத்தி, கசிவை நிறுத்த அந்த இடத்தை ஆர்கான் பிளாஸ்மாவால் (மின்னேற்றிய ஆர்கான் வாயுவால்) சுடவிருக்கிறோம். ஒப்பாத அந்த ஒருவரை அருகில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.