ஊர் சுற்றிய அப்பாவின் திதியும் கேலாங் சிவன் கோயிலும்

கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2-இல் இருக்கும் ஸ்ரீ சிவன் கோயில் ஒரு காலத்தில் ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்தது. எம்ஆர்டி ரயில் பாதை வேலைக்காக 1983-இல் அங்கிருந்து கிளம்பி, சிராங்கூன் ரோட்டில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் சில காலம் தங்கி, 1993-இல் இங்கே குடிவந்தது. ஓரிடத்தில் நில்லாத அப்பாவை நினைத்துக் கும்பிட இதைவிடப் பொருத்தமான சன்னிதி சிங்கப்பூரில் இல்லை. கினபாலு மலை ஏறியவர், மோட்டார்சைக்கிளில் ஹாட்யாய் வரை போனவர், ஆனாலும் பிள்ளைகளின் பரீட்சைக்கு முதல் நாள் எப்படியாவது வீடு வந்து சேர்ந்தவர்! அப்படிப்பட்டவரை இழந்த குடும்பத்துக்குத் திதியைச் சரியான நாளில் கொடுக்கவேண்டும் என்ற தவிப்பு இருக்கும். பிழை வருவதும் பெரும்பாலும் அந்த நாளைக் கணிப்பதில்தான்.

ஊரிலிருந்து வரும் நாள்காட்டியில் திதி முடியும் நேரம் இந்திய நேரம். அதோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டவேண்டும். அதுமட்டும் போதாது. பிதுர் காரியத்துக்கு உரியது அபராஹ்ண காலம், அதாவது பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பங்கு. ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊரில் அது 1:12-க்குத் தொடங்கும். இங்கே உதயமே ஏறக்குறைய ஏழு மணி என்பதால் சுமார் 2:12 முதல் 4:36 வரை. ஒரு திதி இந்திய நேரம் பகல் 1 மணிக்கு முடிந்தால், ஊரில் அபராஹ்ணம் பிறக்குமுன்பே அது போய்விடும். இங்கோ 3:30 வரை நிற்கும், அபராஹ்ணத்தில் பாதிக்கு மேல். அதனால் அங்கே முதல் நாளும் இங்கே மறுநாளும் திதி வரக்கூடும். நாள்காட்டித் தாளைப் பார்த்து முடிவு செய்யாமல் குருக்களிடமோ சாஸ்திரிகளிடமோ சிங்கப்பூர்க் கணக்கில் கேட்பதே நல்லது.

பயணத்தில் இறந்தவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். காட்மாண்டுவில் இரவு 10:30 மணிக்கு உயிர் பிரிந்தால் சிங்கப்பூரில் அப்போது நள்ளிரவு தாண்டி மறுநாள் 12:45. ஆங்கிலத் தேதி மாறினாலும் திதி மாறாது, ஏனென்றால் அது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி. அந்த நொடியை இந்திய நேரமாக்கி (இரவு 10:15) பஞ்சாங்கத்தில் பார்த்து, தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அபராஹ்ண நேரத்தில் கோயில் நடை சாத்தியிருக்கும். ஆகவே தர்ப்பணத்தை வீட்டில் முடித்துவிட்டு மாலையில் கோயிலுக்குப் போவதே முறையாகவும் அமையும். கறுப்பு எள், தர்ப்பை, தாம்பாளம், செம்பில் தண்ணீர் போதும். கோத்திரமும் மூன்று தலைமுறைப் பெயர்களும் தாளில் இருக்கட்டும், கொள்ளுத் தாத்தா பெயரில் நாக்கு தடுமாறாதவர் குறைவு. எள்ளும் நீரும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழவேண்டும். சேர்ந்த நீரைப் பூந்தொட்டி மண்ணில் ஊற்றுங்கள். குளியலறையில் கொட்டினால் எள் குழாயை அடைத்துக்கொள்ளும்.

காகத்துக்குச் சோறு வைப்பதுதான் மனத்தை வருத்தும் இடம். இங்கே காட்டுப் பறவைகளுக்கு உணவிடுவது குற்றம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னலோரத்தில் வைத்தாலும் அப்படித்தான். படத்தின் முன் இலை போட்டு வாழைக்காய், பாகற்காய், பிரண்டைத் துவையல், எள்ளுருண்டை படைத்து, காகத்தின் பங்கைக் கோயில் அன்னதானத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிடலாம். பசித்தவர் வயிற்றில் சேரும் சோறு அப்பாவைச் சேராமல் போகாது.

மாலையில் சீட்டு வாங்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அர்ச்சனை உயிரோடிருப்பவர்களுக்கு. அம்மா, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயரும் நட்சத்திரமும் சொல்லுங்கள். அப்பாவுக்கு மோட்ச தீபம் ஏற்ற விரும்பினால் சில நாள் முன்பே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரதோஷத்தன்று திதி வந்தால் கூட்டம் மிகும். வில்வத்தை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் காலையிலேயே வாங்கிவிடவேண்டும். பிரகாரம் சுற்றும்போது பேரப்பிள்ளைகள் தாத்தாவின் மலைக் கதையைக் கேட்பார்கள். அவசரப்படாமல் முழுதாகச் சொல்லுங்கள், அதுவும் வழிபாடுதான்.

இறந்த நாளே தெரியாதவருக்கு மஹாளய அமாவாசை உண்டு. விபத்தில் போனவர்களுக்கு அதற்கு முந்தைய நாளான சதுர்த்தசியைச் சாஸ்திரம் தனியே ஒதுக்கியிருக்கிறது. மலையிலோ கடலிலோ சாலையிலோ உயிர்விட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஆண்டுத் திதியோடு அந்த நாளையும் சாஸ்திரிகளிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.